யார் பொறுப்பு என்று கேட்டு எழுதியவர்களுக்கு



அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்தால், அந்த வாரம் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. மகனையோ மகளையோ அங்கே படிக்க அனுப்பியவர்கள் எழுதுகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் எழுதுகிறார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்று வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரராவது இல்லாத தெரு குறைவு. அந்தப் பதற்றம் எனக்கும் புரிகிறது. ஆனால் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முடிவுக்கு வந்து நிற்கின்றன. மனநிலை சரியில்லாதவன் செய்த வேலை இது, இப்படிப்பட்டவர்களைப் பிடித்து உள்ளே வைக்காமல் விடுவதால்தான் இத்தனையும் நடக்கிறது என்கிறார்கள்.

இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மனநிலை சரியில்லாதவர்களைப் பிடித்து உள்ளே வைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் போய்த் தேட வேண்டியதில்லை. விக்கிரவாண்டிக்குப் பக்கத்திலேயே அது நடந்திருக்கிறது. அதற்கு வருமுன், நம்மவர் ஒருவரைப் பறிகொடுத்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஈரோடு மாவட்டம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் பிறந்தவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதுகலை முடித்து அமெரிக்கா போனார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக நீரியல் சொல்லிக்கொடுத்தார். 2007 ஏப்ரல் 16 காலையில் அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அறைக்குள் அதே பல்கலைக்கழகத்து மாணவன் ஒருவன் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு நுழைந்தான். அன்று அந்த வளாகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். லோகநாதன் அவர்களில் ஒருவர். அவரிடம் படித்துக்கொண்டிருந்த மும்பை மாணவி ஒருவரும் இறந்தார். சுட்டவனின் பெயரை நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோது, நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டன் கொலையாளியின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். பத்திரிகை நடத்துகிற எவரும் பின்பற்றத் தகுந்த முடிவு அது.

வர்ஜீனியாவில் சுட்ட அந்த மாணவனுக்கு மனநலச் சிக்கல் இருந்தது உண்மை. 2005 டிசம்பரிலேயே அங்குள்ள நீதிமன்றம் ஒன்று, இவனால் இவன் உயிருக்கே ஆபத்து இருக்கிறது, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. அவன் அந்தச் சிகிச்சையைத் தொடர்ந்தானா என்று யாரும் பின்தொடரவில்லை. பேராசிரியர்கள் சிலர் அவன் எழுதிய கட்டுரைகளைப் படித்துக் கலங்கி மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொரு துறைக்குப் போகவில்லை. மாணவனின் அந்தரங்கம் என்கிற சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொண்டார்கள் என்று பின்னால் வந்த விசாரணைக் குழு எழுதியது. உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரைத்தான் ஆயுதம் விற்கக் கூடாதவர்களின் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த மாநிலம் நினைத்துக்கொண்டிருந்ததால், அவன் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. அதனால் கடையில் யாரும் தடுக்காமல் துப்பாக்கி வாங்கினான். அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. லோகநாதனின் வீட்டாருக்கு அது காலம் கடந்த சட்டம்.

இதே கதை 2023இல் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில் இன்னும் அப்பட்டமாக நடந்தது. ராணுவ ரிசர்வ் படையில் இருந்த ஒருவருக்கு, எல்லாரும் தன்னைப் பற்றித் தவறாகப் பேசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. இல்லாத பேச்சு காதில் விழுந்தது. அந்த ஆண்டு மே மாதமே அவருடைய மகனும் முன்னாள் மனைவியும் உள்ளூர்க் காவல்துறைக்குச் சொன்னார்கள், வீட்டில் நிறையத் துப்பாக்கிகள் இருப்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஜூலையில் படையினரே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக, அங்கே இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தார். வெளியே வந்தார், சிகிச்சை தொடரவில்லை. செப்டம்பரில் அவருடைய நெருங்கிய நண்பர், இவர் கூட்டத்தில் சுட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது என்று மேலதிகாரிக்கே செய்தி அனுப்பினார். காவலர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டும் கதவு திறக்காததால் திரும்பிவிட்டார்கள். அக்டோபர் 25 இரவு 18 பேர் செத்தார்கள். ஆபத்தானவரின் துப்பாக்கியை வாங்கி வைக்கிற சட்டம் அந்த மாநிலத்தில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பயன்படுத்தப் போதுமான காரணமும் காவல்துறைக்கு இருந்தது என்று விசாரணை ஆணையம் 2024இல் சொன்னது.

இந்த இரண்டு கதையிலும் நோய் இருந்தது. ஆனால் நோய் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கவில்லை. வீட்டார் பார்த்தார்கள், ஆசிரியர்கள் பார்த்தார்கள், நண்பர்கள் பார்த்துப் புகாரும் சொன்னார்கள். சொல்வதைக் கேட்டு எழுந்து நடக்க வேண்டிய கால்கள்தான் நடக்கவில்லை. நோயாளியைக் கூண்டில் அடைத்திருக்க வேண்டும் என்று இதைப் படித்துவிட்டுச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவருக்கு ஒழுங்காக மருந்தும் கவனிப்பும் கிடைத்திருந்தால், அவர் கையெட்டும் தூரத்தில் ஆயுதம் இல்லாதிருந்தால் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

மறுபக்கமும் உண்டு. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஒருவன் ஓஸ்லோ நகரில் குண்டு வைத்தும், உடோயா தீவில் இளைஞர் முகாமில் சுட்டும் 77 பேரைக் கொன்றான். முதலில் பரிசோதித்த மனநல மருத்துவர்கள் அவனுக்குத் தீவிர மனச்சிதைவு என்றார்கள். நாடே கொதித்தது. நீதிமன்றம் இரண்டாவது குழுவை நியமித்தது. அவர்கள் இல்லை, இவன் தெளிவாகத் திட்டமிட்டு வெறுப்பால் செய்திருக்கிறான் என்றார்கள். 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் இரண்டாவது கருத்தை ஏற்று, செய்ததற்கு அவனே முழுப் பொறுப்பு என்று தண்டித்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர் அந்தத் தீர்ப்பைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். அவனைப் பைத்தியம் என்று சொல்லி முடித்திருந்தால், அவன் தலையில் அந்த வெறுப்பை ஏற்றிய எழுத்துகளும் பேச்சுகளும் தப்பித்துப் போயிருக்கும்.

நம் நாட்டில் 2023 ஜூலை 31 விடியற்காலை, மும்பையை நெருங்கிக்கொண்டிருந்த ஜெய்ப்பூர் ரயிலில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பயணிகளைக் காக்க வேண்டிய ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர், முதலில் தன் மேலதிகாரியையும், பிறகு பெட்டி பெட்டியாகப் போய் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றதாக வழக்கு. அந்த மூன்று பேரும் முஸ்லிம்கள். உடம்பு சரியில்லை, முன்னதாக இறங்கிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டதாகவும், இன்னும் கொஞ்ச நேரம்தான், பணியை முடித்துவிட்டுப் போ என்று சொல்லப்பட்டதாகவும் உடன் பணியாற்றியவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். மனநலம் சரியில்லாதவர் என்று ஒரு தரப்பு உடனே பேச ஆரம்பித்தது. மதப் பகையைத் தூண்டியதாகவும் அவர்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் தீர்ப்பை நான் எழுத முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம். உண்மையிலேயே உடல்நிலையோ மனநிலையோ சரியில்லாத ஒருவர் கையில் அன்றிரவு துப்பாக்கி இருந்திருக்கவே கூடாது. நோய் இல்லை, வெறுப்புதான் என்றால் நோய் என்கிற பேச்சே வந்திருக்கக் கூடாது. இரண்டில் எதுவானாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பானது. 1843இல் இங்கிலாந்தில் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரை மெக்நாட்டன் என்பவர் சுட்டுக் கொன்ற வழக்கிலிருந்து வந்த விதிதான், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவாக இருக்கிறது. மருத்துவச் சீட்டில் ஒரு நோயின் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் தப்பிவிட முடியாது. அந்தக் காரியத்தைச் செய்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அறியும் நிலையில் அவர் இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும். நிரூபித்து விடுதலையானாலும் அன்று மாலையே வீட்டுக்கு நடந்து போய்விட மாட்டார். பாதுகாப்பான காவலிலோ மருத்துவமனையிலோ வைக்கவும், உறவினர் பிணை கொடுத்துப் பொறுப்பேற்றால் மட்டும் ஒப்படைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 'பைத்தியக்காரன் என்று சொல்லித் தப்பித்துவிடுவான்' என்று எழுதிய வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

துப்பாக்கி விஷயத்திலும் நம் சட்டம் கண்டிப்பானதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கருதக் காரணம் இருந்தாலே உரிமம் மறுக்கப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்து, மருத்துவச் சான்று வைத்து வாங்க வேண்டிய பொருள் அது. தேர்தல் அறிவித்த உடனே அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில்போல் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் துப்பாக்கிச்சூடு நடக்காமல் இருப்பதற்கு, நம்மிடையே மனநோய் குறைவு என்பது காரணமில்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருக்கிறார்கள். ஆய்வு நடந்த பன்னிரண்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெட்டிக்கடையில் சோடா வாங்குவதுபோல் துப்பாக்கி வாங்க முடியாது என்பதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலபுலியூர் கிராமத்தின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. அங்கே இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் ஆதரவற்றவர்களையும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களையும் வைத்திருந்தார்கள். திருப்பூரைச் சேர்ந்த ஒரு முதியவரை அங்கே சேர்த்தவர்கள், பிறகு பார்க்கப் போனபோது ஆள் இல்லை. பெங்களூரில் உள்ள வேறொரு இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கேயும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒரு குடும்பம் விடாமல் தேடியதால்தான் பிப்ரவரி 10ஆம் தேதி அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய அனுமதியில்லாமல் நடந்த அந்த விடுதியிலிருந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். பலரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சங்கிலியால் கட்டியதாக, அடித்ததாக, பெண்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாக, ஆட்கள் காணாமல் போனதாகப் புகார்கள் வந்தன. அங்கே வளர்த்த குரங்குகளைவிட்டுக் கடிக்கவைத்தார்கள் என்றுகூடச் சொன்னார்கள். நடத்தியவர்கள் கைது செய்யப்பட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. எது எவ்வளவு உண்மை என்பதை நீதிமன்றம் சொல்லும்.

நான் யோசிப்பது வேறு. அந்த விடுதி ஏதோ காட்டுக்குள் ஒளிந்து நடக்கவில்லை. நல்ல காரியம் செய்கிறார்கள் என்று நினைத்து பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போட்டவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இருப்பார்கள். உள்ளே இருப்பவர் பெயர் என்ன, எந்த ஊர், எந்த மருத்துவர் பார்க்கிறார், என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நம் வட்டாரம் நெடுஞ்சாலை வட்டாரம். சென்னை–திருச்சி சாலையும் கும்பகோணம் சாலையும் பிரிகிற இடம் விக்கிரவாண்டி. சுங்கச்சாவடி ஓரத்திலும், பஸ்கள் சாப்பாட்டுக்கு நிற்கிற ஓட்டல்களின் பின்புறத்திலும், கிழிந்த துணியோடு எந்த மாநிலத்துப் பாஷை என்றே தெரியாமல் பேசிக்கொண்டு நடப்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெளியூரிலிருந்து லாரியில் ஏற்றிவந்து இரவோடிரவாக இறக்கிவிட்டுப் போகிறார்கள் என்று டீக்கடையில் சொல்வார்கள். பயத்தில் கல்லெடுத்து விரட்டுகிற பிள்ளைகள் உண்டு. இரக்கத்தில் இட்லி வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் கடைசியில் விரும்புவது, யாராவது வந்து இவரை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான். அந்த 'எங்காவது' என்பதற்கு ஒரு கட்டடமும் கேட்டும் பூட்டும் கிடைத்தால், அதற்குமேல் நாம் கேள்வி கேட்பதில்லை.

ஏர்வாடியிலும் யாரும் கேள்வி கேட்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். 28 பேர் எரிந்து செத்தார்கள். அந்த ஊர்த் தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் விட்டுப்போன மகன்கள், மகள்கள், மனைவிகள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அனுமதியில்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. அப்போது இனி இப்படி நடக்காது என்று எழுதாத பத்திரிகை இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நம் மாவட்டத்தில் மறுபடியும் சங்கிலி என்கிற சொல் செய்தியில் வந்தது.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களால் நமக்கு ஆபத்து என்று எழுதிய வாசகர்களிடம் இந்த இரண்டு இடங்களையும் வைக்கிறேன். ஏர்வாடியிலும் குண்டலபுலியூரிலும் ஆபத்தில் இருந்தவர்கள் யார்? ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? உலக அளவிலும் நிலவரம் இதுதான். 1998இல் வெளியான மெக்ஆர்தர் ஆய்வு என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களை ஓராண்டு காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். குடியோ போதைப் பொருளோ இல்லாத நோயாளிகளும், அதே தெருவில் அவற்றைத் தொடாமல் வாழும் மற்றவர்களும் வன்முறையில் ஒரே அளவில்தான் இருந்தார்கள். போதை சேர்ந்தால் இரு தரப்பிலும் கணக்கு ஏறியது. அதைப் படித்தபோது எனக்கு மரக்காணம் நினைவுக்கு வந்தது. 2023 மே மாதம் அங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நம் மாவட்டத்துக் குடும்பங்கள் எத்தனை ஆண்களை இழந்தன! அந்தச் சாராயம் எங்கே விற்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரைப் பார்த்து நடுங்குகிற நாம், அதற்கு நடுங்கவில்லை.

இதைச் சொல்வதால், எந்த ஆபத்தும் இல்லை என்று நான் சாதிக்கவில்லை. மருந்து நின்றுபோன சில தீவிர நிலைகளில், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்கிற நம்பிக்கை முற்றும்போது, பக்கத்தில் இருப்பவர்மேல் கை ஓங்குவது உண்டு. அந்தக் கை பெரும்பாலும் விழுவது தெருவில் போகிறவர்மேல் அல்ல. தாய்மேல், மனைவிமேல், தம்பிமேல். பொதுமக்களின் பாதுகாப்பு என்று நாம் பேசும்போது இந்தத் தாய்மார்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

திண்டிவனத்துக்கு அருகில் உள்ள கிராமத்திலிருந்து ஒரு தாய் எனக்கு எழுதியிருந்தார். மகன் ஐ.டி.ஐ. படித்தவன். இரவெல்லாம் தூங்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், சோற்றில் விஷம் வைத்திருக்கிறீர்கள் என்கிறான், ஒருநாள் அரிவாள்மணையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். 'மேல்மலையனூருக்கு மூணு அமாவாசை கூட்டிட்டுப் போனோம் ஐயா. மந்திரிச்சுத் தாயத்துக் கட்டியும் பாத்தாச்சு. ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னா என்னைப் பைத்தியம்னு ஆக்கிட்டீங்களான்னு அடிக்க வரான். தங்கச்சிக்கு மாப்ள பாக்குற நேரம். போலீசுக்குச் சொன்னா புள்ளைய அடிச்சிருவாங்க. என்ன பண்றது?' இதுதான் கடிதம். ஊர் பேர் போடாதீர்கள் என்று கீழே எழுதியிருந்தார்.

அம்மா, உங்களுக்கு எழுதிய பதிலை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே சொல்கிறேன். உங்கள் மகனுக்கு வந்திருப்பது நோய். பேயும் இல்லை, நீங்கள் வளர்த்த வளர்ப்பின் குறையும் இல்லை. இதற்கு மருந்து இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தால் தேறி வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அரிவாள்மணை, கத்தி, பூச்சிமருந்து, கயிறு இவற்றை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திப் பக்கத்து வீட்டில் வையுங்கள். 'நீ சொல்றது பொய்' என்று அவனோடு வாதாட வேண்டாம், பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள், தூக்கம் வருவதற்கு டாக்டரைப் பார்ப்போம் என்று கூப்பிடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவன் வராவிட்டாலும் நீங்கள் போய் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லலாம். நடுராத்திரியில் கைமீறிப் போனால் 108ஐக் கூப்பிடுங்கள். வழி தெரியாமல் தவிக்கும் நேரத்தில் 14416 என்கிற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அவன் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையிலோ, தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையிலோ ஒருவர் இருந்தால், அவருக்காக நியமிக்கப்பட்டவரோ உறவினரோ விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து எழுதினால், 30 நாள்வரை மருத்துவமனையில் சேர்க்க முடியும். அதற்குமேல் நீட்டிக்க வேண்டுமென்றால் வேறு பரிசோதனை. யாரும் யாரையும் வாழ்நாள் முழுவதும் அடைத்துவைக்க முடியாது, அதே நேரம் ஆபத்தில் இருப்பவரை நீயாகக் கேட்டு வந்தால்தான் சிகிச்சை என்று கைவிடவும் முடியாது. இரண்டையும் யோசித்து எழுதிய சட்டம் அது.

அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. 100ஆம் பிரிவு காவல் நிலையத்துக்கு. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் வீடற்றவர் என்று தெரிந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இந்தக் கடைசி வரியை எங்கள் அலுவலகத்தில் இரண்டு வழக்கறிஞர் நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன், இருவருமே வியந்துபோனார்கள். நெடுஞ்சாலையில் நடக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு அறிக்கை பதிவாகியிருந்தால், யாரையும் ஊர் பேர் இல்லாமல் ஒரு கேட்டுக்குள் அனுப்பிவைக்க முடியாது. அனுப்பினால் ஒரு காகிதம் அவரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

மேல்மலையனூரைப் பற்றி எழுதத் தயங்கினேன், ஆனாலும் எழுதுகிறேன். அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைப் பார்க்க வருகிற கூட்டத்தில், கையைப் பிடித்துக் கூட்டிவரப்பட்ட பிள்ளைகளையும் தலைவிரிகோலமாய்க் கிடக்கிற பெண்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பங்கள் தேடிவருவது நிம்மதியை. அம்மனை நம்ப வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை. ஏர்வாடி தர்காவில் தீவிபத்துக்குப் பிறகு தாமதமாகவாவது ஒரு நல்ல காரியம் நடந்தது. தொழுகைக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே அரசு மனநல மருத்துவர் மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. துவாவும் (பிரார்த்தனையும்) வேண்டும், தவாவும் (மருந்தும்) வேண்டும் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். அதேபோல் ஒவ்வோர் அமாவாசையும் மேல்மலையனூரில், வரிசை நிற்கிற இடத்திலேயே, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஒருவர் மேசை போட்டு உட்கார வேண்டும் என்பது என் கோரிக்கை. மூன்று அமாவாசை காத்திருந்த அந்தத் தாய்க்கு முதல் அமாவாசையிலேயே மருந்துச் சீட்டு கிடைத்திருக்கும். திருநீற்றோடு அதையும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போயிருப்பார். மாவட்ட ஆட்சியருக்கும் இந்து சமய அறநிலையத் துறைக்கும் இந்த இதழின் பிரதியோடு தனியாகக் கடிதம் அனுப்புகிறோம்.

உங்களிடமும் ஒரு வேலை கேட்கிறேன். விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பகுதிகளில் முதியோர் இல்லம், ஆசிரமம், காப்பகம் எது உங்கள் ஊரில் இருந்தாலும், அடுத்த முறை சாப்பாடு போடப் போகும்போது உள்ளே போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா, மருத்துவர் வந்துபோன பதிவேடு இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். நல்ல முறையில் நடத்துகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள், அவர்களுக்கு நம் ஆதரவு தேவை. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா என்பதை எங்களுக்குத் தெரிவியுங்கள். விசாரித்துச் சரிபார்த்து, தாலுகா வாரியாக நடு இரண்டு பக்கங்களில், வெட்டி எடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கிற மாதிரி அச்சிடப்போகிறோம். கடிதங்கள் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் வந்தால் அடுத்த இதழிலேயே சேர்த்துவிடலாம். பெயர் போட வேண்டாம் என்றால் உறையின் மேலேயே எழுதிவிடுங்கள், நான் ஒருவன்தான் அதைப் பிரிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்